கல்வி அமைப்புகள் எப்படி உருவாகின்றன: ஆர்ச்சரின் கோட்பாடு பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கல்வியியல் ஆய்வு மாணவர். தேசியக் கல்வி அமைப்புகளின் வளர்ச்சியை விமர்சன யதார்த்தவாத நோக்கில் (சமூகக் கட்டமைப்புகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மெய்யாக இருந்து விளைவை உண்டாக்குகின்றன என்ற நோக்கில்) விளக்கும் மார்கரெட் ஆர்ச்சரின் கோட்பாடு, "வரலாறு முக்கியம்" என்பதைக் கடினமான சொற்களில் சொல்வதுதானா, அதை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ பொருத்தலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவது கேள்வி ஒன்று கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாட்டின் பள்ளிகள் அந்நாட்டின் தேவைக்கேற்ப அமைகின்றனவா, அல்லது என்றோ நடந்த ஒரு சண்டையின் தழும்புகளாக நிற்கின்றனவா என்பதே அது. கல்விச் சமூகவியலைக் கல்லூரி வகுப்புகளில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இந்த மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் அனுபவம்.

ஆர்ச்சர் (1943–2023) இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சமூகவியலர். கல்வி அமைப்புகளின் சமூகத் தோற்றம் பற்றி அவர் 1979-இல் வெளியிட்ட பெரிய நூல், இங்கிலாந்து, டென்மார்க், பிரான்சு, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளை ஒப்பிடுகிறது. கல்வியைத் தம் கையில் வைத்திருப்பவர்களின் நோக்கங்களே அதன் வடிவைத் தீர்மானிக்கின்றன என்று அவர் தொடங்குகிறார். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்காகப் பலர் மோதுவதாலும், மோதல் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பில் முடிவதாலும், கடைசியில் உருவாகும் அமைப்பு எவருமே கேட்டிராத ஒன்றாக இருக்கிறது என்கிறார்.

இதற்கு எதிரே நிற்பது, தொழில்மயம் எழுத்தறிந்த தொழிலாளரைக் கேட்டது, அதனால் அரசுப் பள்ளிகள் வந்தன என்ற பழகிய விளக்கம். பாடப்புத்தகங்கள் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்காது. இன்றைய ஜெர்மனிக்கு முன்னோடியான பிரஷ்யா அரசு கட்டாயக் கல்வி ஆணையைப் பிறப்பித்தது 1763-இல். அப்போது அது வேளாண் நாடு. டென்மார்க் 1814-இல் கட்டாயக் கல்விச் சட்டம் இயற்றியபோது அங்கே ஆலைகள் இல்லை, பண்ணைகளே இருந்தன. பிரான்சில் நெப்போலியன் நாடு முழுமைக்குமான கல்வி நிர்வாகத்தை 1808-இல் நிறுவிவிட்டார். ஆலைப் புகை முதலில் எழுந்த இங்கிலாந்திலோ 1870 வரை அரசு தன் பொறுப்பில் ஒரு பள்ளியையும் கட்ட முன்வரவில்லை. தேவைதான் காரணம் என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் கோட்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கல்வி என்பது பெரும்பாலும் நாட்டின் அதிகாரபூர்வச் சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையின் உடைமை. ஆக்ஸ்போர்டில் சேரவே திருச்சபையின் கொள்கை விதிகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற அது வேண்டும். இதனால் பாதிக்கப்பட்டவர்கள் திருச்சபையை ஏற்காத பிற புராட்டஸ்டன்டுகள். வணிகரும் ஆலை முதலாளிகளும் அவர்களிடையே பலர். அவர்களிடம் பணம் இருந்தது. ஆனால் நாடாளுமன்றம் திருச்சபைக்கு நெருக்கமான நிலவுடைமையாளரின் கையில் இருந்ததால், சட்டத்தால் திருச்சபைப் பள்ளிகளின் கதவை உடைக்க அவர்களால் முடியாது. புதிய பள்ளிகளைத் தாமே கட்டுவதை எவரும் முற்றாகத் தடுக்கவுமில்லை. எனவே கட்டினார்கள். இதைத்தான் ஆர்ச்சர் மாற்றீட்டு உத்தி என்கிறார்: எதிரியின் பள்ளியைப் பிடிப்பதற்குப் பதில், அதன் ஆதிக்கத்தைச் செல்லாக்காசாக்கும் அளவுக்குத் தன் பள்ளிகளைப் பெருக்குவது. திருச்சபை சும்மா இருக்கவில்லை. பிற பிரிவினர் ஆதரித்த லங்காஸ்டர் சங்கம் 1808-இல் தோன்றியதும், 1811-இல் திருச்சபை தன் தேசியச் சங்கத்தைத் தொடங்கியது. சமயச் சோதனை இல்லாத ஒரு கல்லூரி லண்டனில் 1826-இல் நிறுவப்பட்டதும், அதற்குப் போட்டியாகக் கிங்ஸ் கல்லூரி 1829-இல் வந்தது. இரண்டின் மாணவருக்கும் தேர்வு வைத்துப் பட்டம் தர ஒரு பல்கலைக்கழகம் 1836-இல் ஏற்பட்டது. நாடு முழுவதும் நடந்ததை ஒரே நகரில் சுருக்கிக் காட்டும் கதை இது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். தமிழ் வாசகருக்கு அதைச் சொல்லாமல் போக மனமில்லை. தேசியச் சங்கத்தின் பள்ளிகள் பின்பற்றிய முறைக்கு "மதராஸ் முறை" என்றே பெயர். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789 முதல் 1796 வரை இருந்த ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பெல் சட்டாம்பிள்ளையைப் பார்த்துத்தான் தம் முறையை அமைத்தாரா என்பது வாதத்துக்குரியது; மணலெழுத்தை இங்கிருந்து எடுத்தார் என்பது அவரே எழுதியது. கோட்பாட்டுக்கு இதனால் என்ன பயன் என்றால், குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரே நடத்த இந்த முறை இடம் கொடுத்ததால்தான், பள்ளிக்கு எதிர்ப்பள்ளி என்ற போட்டி தனியார் நன்கொடையிலேயே அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

அந்தப் போட்டியின் முடிவு வெற்றி அன்று, முட்டுக்கட்டை. அரசு 1833-இல் 20,000 பவுண்டு மானியம் ஒதுக்கியபோது அது இரு சங்கங்களின் வழியாகவே போனது. ஆலைச் சிறுவர்களின் கல்வியைத் திருச்சபையின் மேற்பார்வையில் வைக்க முயன்ற 1843-ஆம் ஆண்டு மசோதாவின் கல்விப் பிரிவுகளை, பிற பிரிவினரின் எதிர்ப்பு கவிழ்த்தது. ஒருவர் மற்றவரை அழிக்க முடியாத நிலையில், இருவருமே தம் பள்ளிகளைக் காக்கவும் பெருக்கவும் அரசின் பணத்தை நாடினர். 1870-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முட்டுக்கட்டையை அப்படியே சட்டமாக்கிற்று: இருக்கும் பள்ளிகளைத் தொடவில்லை, பள்ளி இல்லாத இடங்களில் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியங்கள் இடைவெளியை நிரப்பலாம் என்றது. இங்கிலாந்தின் தேசிய அமைப்பு, ஏற்கெனவே தனித்தனியாக வளர்ந்துவிட்ட பள்ளிகளைப் பின்னர் ஒரு கயிற்றால் கட்டியதால் பிறந்தது.

பிரான்சின் பாதை வேறு. அங்கே இடைநிலைக் கல்வியில் ஓங்கியிருந்த இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் கல்லூரிகளைப் பாரிஸ் உயர்நீதி மன்றம் 1762-இல் மூடச் செய்தது. 1764-இல் அரச ஆணை அச்சபையையே நாட்டில் கலைத்தது. 1789-இன் புரட்சிக்குப் பின் நடுத்தர வர்க்கத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரமே கிடைத்துவிட்டது. போட்டிப் பள்ளி கட்ட வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? கத்தோலிக்கத் திருச்சபையின் சொத்துகள் பறிக்கப்பட்டன, பழைய பல்கலைக்கழகங்கள் 1793-இல் ஒழிக்கப்பட்டன. இது ஆர்ச்சரின் இரண்டாவது உத்தி: அரசின் கையால் எதிரியின் பள்ளிகளைத் தடுத்து ஒடுக்குவது. ஆனால் ஒடுக்குவது ஒன்று, இட்டு நிரப்புவது வேறு. தத்துவஞானி கொந்தோர்சே 1792-இல் முன்வைத்த விரிவான திட்டம் காகிதத்தில் நின்றது. 1795-இன் சட்டம் அரைகுறையாக நடந்தது. பழைய பள்ளி போய், புதிய பள்ளி வராத பத்தாண்டு ஒன்று கழிந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் அளவுக்குப் பணமும் ஆளும் திரட்டக்கூடியது அரசு மட்டுமே என்பதால், நிரப்பியவர் அரசைக் கையில் வைத்திருந்தவரானார். நெப்போலியன் 1802-இல் லிசே என்ற அரசு இடைநிலைப் பள்ளிகளையும், 1806-இன் சட்டத்தாலும் 1808-இன் ஆணையாலும் பேரரசுப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் முழு நாட்டுக்குமான கல்வி நிர்வாகத்தையும் நிறுவினார். மேலே ஒரு தலைவர், கீழே கல்வி மண்டலங்கள், அதற்கும் கீழே பள்ளிகள். பின்னாளைய அமைச்சர் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இந்த நேரத்தில் பிரான்சின் எல்லா மாணவரும் எந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னாராம். மெய்யோ கட்டுக்கதையோ, அந்தக் கதையை நம்பத்தகுந்ததாக்கிய அமைப்பு மெய்.

டென்மார்க் இங்கிலாந்தோடும் ரஷ்யா பிரான்சோடும் சேரும் என்பது ஆர்ச்சரின் முடிவு. டென்மார்க்கைப் பற்றி ஒன்று மட்டும். 1814-இன் சட்டத்துக்குப் பின்னும், சமயச் சிந்தனையாளர் கிருந்த்விக்கின் வழியினர் 1844-இல் ரொட்டிங்கில் முதல் நாட்டுப்புற உயர்பள்ளியை, அதாவது கிராமத்து இளைஞருக்கான தங்கிப் படிக்கும் பள்ளியை, தொடங்கவும், பெற்றோரே நடத்தும் சுதந்திரப் பள்ளிகளுக்கு 1855-இல் சட்ட இடம் பெறவும் முடிந்தது. கட்டாயம் கல்விக்குத்தான், அரசுப் பள்ளிக்கு அன்று என்ற அந்த நாட்டு மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. ரஷ்யாவில் மேலிருந்து கட்டியவர்கள் ஜார் மன்னர்களே என்பதால் கதை இன்னும் சிக்கலானது. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது "வரலாறு முக்கியம்" என்பதைத் தாண்டி இது என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். மாற்றீட்டு உத்தியில் முதலில் பன்மையும் சிறப்புத்துறைகளும் வந்துவிடுகின்றன; ஒருமையும் ஒழுங்கும் பின்னால் வலுவின்றி வந்து சேர்கின்றன. ஒடுக்கும் உத்தியில் வரிசை மாறுகிறது: முதலில் இறுக்கமான ஒருமை, பிறகு அதற்குள் அடங்கிய அளவுக்குப் பன்மை. இந்த வரிசை வேறுபாடே பரவலான அமைப்பு (அதிகாரம் பல கைகளில்), மையப்பட்ட அமைப்பு (அதிகாரம் அரசின் கையில்) என்ற இரு வகைகளைத் தருகிறது. அதைவிட முக்கியமாக, அமைப்பு உருவான பின் அதை மாற்ற விரும்புபவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. பரவலான அமைப்பில் மூன்று கதவுகள் உண்டு: பணமுள்ளவர் கல்வி நிறுவனத்தோடு நேரடியாகப் பேரம் பேசலாம், ஆசிரியர்கள் உள்ளிருந்தே புதிதாகத் தொடங்கலாம், அரசியல் வழியாகவும் அழுத்தலாம். மையப்பட்ட அமைப்பில் பெரிய கதவு ஒன்றுதான், அதில் அரசு என்று எழுதியிருக்கிறது.

ஒரே வகைச் சீர்திருத்தத்தை இரு நாடுகளும் எப்படிச் செய்தன என்று பார்த்தால் இது விளங்கும். பதினொரு வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவான இடைநிலைப் பள்ளி வேண்டும் என்ற கோரிக்கை இரண்டிலும் எழுந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் போன்ற உள்ளூர் நிர்வாகங்கள் 1950-களிலேயே தம் போக்கில் தொடங்கிவிட்டன. மத்திய அரசு 1965-இல் அனுப்பிய சுற்றறிக்கை உள்ளூர் நிர்வாகங்களைக் "கேட்டுக்கொண்டது", ஆணையிடவில்லை. சில நிர்வாகங்கள் இழுத்தடித்தன. டேம்சைட் மன்றம் மறுத்து நின்று, 1976-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் அவையில் கல்வி அமைச்சருக்கு எதிராக வென்றது. சில இடங்களில் தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. பிரான்சில் கல்வி அமைச்சர் ஆபியின் பெயரால் வழங்கும் 1975-இன் சட்டம், கொலேஜ் என்ற ஒரே வகை இடைநிலைப் பள்ளியை நாடு முழுமைக்கும் விதித்தது. அங்கே மாற்றம் வந்தால் ஒரே அடியாக வருகிறது, வராதபோது தெருவில் தேங்குகிறது. தனியார் பள்ளிகளைப் பொதுச் சேவையோடு இணைக்க முயன்ற கல்வி அமைச்சர் சவாரியின் மசோதா, 1984 ஜூன் 24 அன்று பாரிஸில் திரண்ட பெருங்கூட்டத்துக்குப் பின் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் நூறு இடங்களில் சில்லறையாகத் தீர்ந்திருக்கக்கூடிய பூசல் அங்கே ஓர் அமைச்சரவையின் தலைவிதியோடு கட்டுண்டுவிட்டது.

இதில் யதார்த்தவாதம் எங்கே என்று கேட்கலாம். நூல் வெளிவந்தபோது அந்த அடைமொழி அதன்மேல் இல்லை. விமர்சன யதார்த்தவாதத்தின் மூலவரான தத்துவவாதி ராய் பாஸ்கர் சமூக அறிவியலுக்கான தம் யதார்த்தவாத வாதத்தை நூலாக்கியதும் அதே 1979-இல்தான். ஆர்ச்சர் பின்னர் அந்தத் தத்துவ அடித்தளத்தை ஏற்று, 1995-இன் நூலில் இரண்டையும் ஒன்றாக்கினார். சாரம் எளிது. சமூகக் கட்டமைப்பு மனிதரின் செயலால் உண்டானது. ஆனால் இன்று அதை எதிர்கொள்பவரின் செயலால் உண்டானதன்று. அது அவருக்கு முன்பே இருக்கிறது, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர் வழியில் நிற்கிறது, அவர் போராடிய பின் வேறு வடிவில் மிஞ்சுகிறது. முன்னிருக்கும் நிலை, அதற்குள் நடக்கும் மோதல், பின்விளையும் புதிய நிலை என்ற மூன்றையும் காலத்தால் பிரித்துப் பார்த்தால்தான் எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியும். கட்டமைப்பும் செயலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்ற சமூகவியலர் அந்தோணி கிடன்ஸின் கருத்தை அவர் மறுத்தது இதனால்தான். பிரிக்கவே முடியாதவற்றுக்கு இடையே காரண உறவு பேச முடியாது.

இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு காஸ்ட்ரோவின் கியூபாவில் நடந்த எழுத்தறிவு இயக்கம். எழுத்தறிந்த ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கற்பிப்பது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்துப் பேர் அறிந்த நாட்டில் முதல் சுற்றில் இருபது, பிறகு நாற்பது, எண்பது என்று நான்காவது சுற்றில்தான் நூறு நிறையும்; நாற்பது பேர் அறிந்த நாட்டில் இரண்டே சுற்று. மக்களின் ஊக்கம் இரண்டிலும் சமமாக இருந்தாலும் காலம் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டை இன்றைய மனிதர் எவரும் செய்யவில்லை. முந்தைய தலைமுறைகள் விட்டுப்போன விகிதம் செய்கிறது. கண்ணால் காண முடியாத ஒன்று விளைவை உண்டாக்குகிறதென்றால் அது இருக்கிறது என்று கொள்வதே யதார்த்தவாதம்.

இனி எது உறுதி, எது ஐயம் என்று பிரிக்க வேண்டும். தேசிய அமைப்பு தோன்றும் முன் கல்வி எவரின் உடைமை, சவால் விட்டவரிடம் பணம் இருந்ததா சட்டமியற்றும் அதிகாரம் இருந்ததா என்பவை பின்னர் வந்த வடிவைப் பெரிதும் பாதித்தன என்பது, இங்கிலாந்து, பிரான்சு இரண்டின் அளவில், போதுமான ஆதாரத்துடன் நிற்கிறது என்பேன். ஆனால் அரசு என்பதை அந்த மோதலின் களமாக மட்டும் பார்ப்பது போதுமா என்பது விவாதத்துக்குரியது. கல்வி ஆய்வாளர் ஆண்டி கிரீன் 1990-இல் இதையே சுட்டினார்: படை, நிர்வாகம், தேச உருவாக்கம் ஆகியவற்றுக்காக அரசே முனைந்த இடங்களில் கல்வி அமைப்பு முந்தியது, தாராளவாத இங்கிலாந்தில் பிந்தியது என்பது அவர் வாதம். இருவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. எப்போது வந்தது என்பதைக் கிரீன் நன்றாக விளக்குகிறார், என்ன வடிவில் வந்தது என்பதை ஆர்ச்சர்.

பெரிய சோதனை 1988. பரவலான அமைப்பின் இலக்கணமாக இருந்த இங்கிலாந்தில், அந்த ஆண்டின் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தை ஒரே வீச்சில் விதித்தது. கோட்பாடு தோற்றது என்று சொன்னவர்கள் உண்டு. என் தீர்ப்பு பாதி வழியில் நிற்கிறது. பாடத்தை மையப்படுத்திய அதே சட்டம், பள்ளிகள் உள்ளூர் நிர்வாகத்திலிருந்து விலகி நேரடி மானியம் பெறவும் வழி திறந்தது. ஒருமையைத் திணித்தபோதே பன்மையையும் கூட்டியது. நெப்போலியன் வழி மையப்படுத்தல் இப்படி இருக்காது. அதேவேளை, நூற்றாண்டுக்கு முந்தைய தொடக்கம் என்றென்றைக்கும் ஆளும் என்று எவராவது ஆர்ச்சரைப் படித்தால், அந்த வாசிப்பை 1988 பொய்யாக்கிவிட்டது. அமைப்பு மாற்றத்தின் வழியைச் செலவுமிக்கதாக்கும், மூடிவிடாது.

கடைசியாக, நம் பக்கம். படையெடுப்பாலோ குடியேற்ற ஆட்சியாலோ வெளியிலிருந்து வடிவம் பெறாத அமைப்புகளையே ஆர்ச்சர் தேர்ந்தார். எனவே இந்தியாவுக்கு அதை அப்படியே பொருத்துவது நூலாசிரியரே போட்ட வேலியைத் தாண்டுவது. ஆனாலும் அதன் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் மிஷன் பள்ளிகள் வளர்ந்த காலத்தில், பச்சையப்ப முதலியாரின் அறக்கொடைப் பணத்தில் 1842-இல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளிப் பணியை விட்டு விலகி, 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இரண்டும் மாற்றீட்டு உத்தியைப் போலவே தோன்றும். பணம் இருந்தது, சட்டமியற்றும் இடம் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் பிற பிரிவினர் தம் முட்டுக்கட்டையைக் கொண்டுபோய் வைக்க ஒரு நாடாளுமன்றம் இருந்தது. இவர்களுக்கு இருந்தது மானியத்தின் நிபந்தனைகளைத் தானே எழுதிய ஓர் அயல் ஆட்சி. இந்தியாவுக்கான 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையின் மானிய முறையை வாசிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

உங்கள் ஆய்வுக்கு இலங்கையே வளமான களம் என்பேன். அங்கே சட்டமியற்றும் அதிகாரம் உள்ளூர் அரசியலுக்கு வந்த பின், 1960-இன் சட்டம் அரசின் நிதியுதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகத்தை அரசின் கைக்கு மாற்றியது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்து அமர்ந்து எதிர்ப்புக் காட்டினர். மிஷன் பள்ளிகளோடு, அவற்றுக்கு எதிராக ஒரு நூற்றாண்டாகக் கட்டப்பட்டிருந்த சைவப் பள்ளிகளும் பௌத்தப் பள்ளிகளும் சேர்ந்தே அரசிடம் போயின. மாற்றீட்டில் தொடங்கி ஒடுக்குதலில் முடிந்த இந்தப் பாதை ஆர்ச்சரின் நான்கு நாடுகளில் எதிலும் இல்லை. அவர் வகைப்பாடு இதைத் தாங்குமா, அல்லது மூன்றாவது வகை ஒன்று தேவையா என்பதற்கு, 1960-க்கு முன்னும் பின்னும் ஒரே பள்ளியின் ஆவணங்களை அருகருகே வைத்துப் படிப்பதிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.